குரல்கள் அடங்கிய பிறகும் மனம் ஏன் ஒரு இடத்தில் நிற்பதில்லை? மனச்சிதைவும் கவனக் குறைபாடும்: முழு விளக்கம்

மனச்சிதைவு நோய் என்று கேட்டதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். யாருக்கும் கேட்காத குரல் ஒருவருக்குக் கேட்பது. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அவர் உறுதியாக நம்புவது. சினிமாவும் சீரியலும் நமக்குக் காட்டியது அவ்வளவுதான்.

ஆனால் இந்த நோயுடன் வாழ்பவர்களிடமோ அவர்கள் வீட்டாரிடமோ பேசிப் பாருங்க. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில், சில மாதங்களில் பலருக்குக் குரல்கள் அடங்கிவிடும். சந்தேகமும் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் பேப்பரில் ஒரு பக்கம் படித்து முடிக்க முடியாது. டிவியில் செய்தி ஓடும்போது சமையலறையில் மிக்ஸி ஓடினால் எதுவுமே மனதில் ஏறாது. கடைக்கு அனுப்பினால் சொன்ன மூன்று பொருளில் ஒன்றுதான் வீட்டுக்கு வரும். வேலைக்குச் சேர்ந்தால் இரண்டு மாதம் தாண்டாது. "நோய்தான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன சோம்பேறித்தனம்?" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இந்தப் பேச்சு ஏன் தவறு என்பதற்கு மூளை ஆய்வில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆதாரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சுருக்கமாக:

- கவனக் குறைபாடு மனச்சிதைவின் பக்க விளைவு அல்ல. நோயின் ஒரு பகுதி. பல நேரங்களில் குரல்கள் கேட்பதற்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது.
- ஒரு சத்தம் காதில் விழுந்த முதல் அரை நொடிக்குள் மூளை செய்யும் வேலையிலேயே வித்தியாசம் தெரிகிறது. ஒருவர் முயற்சி எடுக்கிறாரா இல்லையா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.
- இப்போதுள்ள மாத்திரைகள் குரல்களை அடக்குவதில் கெட்டி. கவனத்தைத் திருப்பிக் கொண்டுவருவதில் அவ்வளவு இல்லை.
- பயிற்சி, உடற்பயிற்சி, சுற்றியிருப்பவர்கள் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்கள் உதவும்.

மனச்சிதைவு என்றால் சரியாக என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரம் கட்டிவிடலாம். இது 'ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள்' கதை இல்லை. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908-இல் 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயரை வைத்தபோது, எண்ணம், உணர்வு, செயல் ஆகியவற்றுக்கு இடையிலான இணைப்பு சிதைவதைத்தான் குறிப்பிட்டார். தமிழில் மனச்சிதைவு என்று சொல்வதும் அந்தப் பொருளில்தான்.

மருத்துவர்கள் இதன் அறிகுறிகளை மூன்று கட்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, புதிதாக வந்து சேர்பவை: குரல்கள், ஆதாரமில்லாத உறுதியான நம்பிக்கைகள், கோவையில்லாத பேச்சு. இரண்டாவது, இருந்தது குறைந்துபோவது: ஆர்வம், பேச்சு, முகபாவம், மனிதர்களோடு பழகும் விருப்பம். மூன்றாவது, அறிதிறன் சிக்கல்கள்: கவனம், நினைவாற்றல், யோசிக்கும் வேகம், திட்டமிடுதல். முதல் கட்டு ஊருக்கே தெரியும். மூன்றாவது கட்டு வீட்டுக்குள்கூட யாருக்கும் தெரியாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களை உள்ளடக்கியது. மனச்சிதைவும் அதைச் சார்ந்த நோய்களும் வாழ்நாளில் எப்போதாவது ஏற்பட்டவர்கள் சுமார் 1.4 சதவீதம் என்று அது கணக்கிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இன்னொரு விஷயம் உங்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. இந்த நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்குள் வருகிறது. காலேஜ் கடைசி வருஷம், முதல் வேலை, புது ஊர், பிஜி அறை. கவனம் அதிகமாகத் தேவைப்படும் காலமும் அதுதான்.

'கவனம்' என்பது ஒரே விஷயமா?

இல்லை. உங்கள் ஆபீஸில் ஒரு சாதாரணக் காலை நேரத்தை எடுத்துக்கோங்க. தலைக்கு மேலே ஏசி ஓடுகிறது. நீங்கள் அதைக் கேட்பதே இல்லை. மூளை அதை வடிகட்டிவிட்டது. பக்கத்து சீட்டில் இருவர் பேசுகிறார்கள். அதை விட்டுவிட்டு மேனேஜர் குரலை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள். இது தேர்ந்தெடுப்பது. ஒரு மணி நேரம் ஒரே எக்ஸெல் ஷீட்டில் தவறு தேடுகிறீர்கள். இது நீடித்த கவனம். நடுவில் போன் வந்தால் பேசிவிட்டு, விட்ட வரிசையிலிருந்து தொடர்கிறீர்கள். இதற்கு 'வொர்க்கிங் மெமரி' எனப்படும் தற்காலிக நினைவும் வேண்டும்.

மனச்சிதைவில் இந்த நான்குமே பாதிக்கப்படலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. சராசரியாகப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. தனி மனிதராகப் பார்த்தால் சிலருக்கு மிக லேசாகவே இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் எமில் கிரெப்பலின் இந்த நோயாளிகளிடம் இரண்டு வகைக் கவனச் சிக்கல்களைக் குறித்து வைத்தார். சிலரால் கவனத்தை ஒன்றில் நிறுத்த முடிவதில்லை. சிலருக்கோ வெளியே நடப்பது எதுவாக இருந்தாலும் அது கவனத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது.

1961-இல் ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மெக்கீ, ஜேம்ஸ் சாப்மன் ஆகிய இருவரும், நோய் தொடங்கிச் சில காலமே ஆனவர்களை உட்கார வைத்து, 'உங்களுக்கு என்ன நடக்கிறது?' என்று பொறுமையாகக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த பதில் இதுதான்: எல்லாச் சத்தமும் ஒரே அளவில் உள்ளே வருகிறது. முக்கியமானதும் முக்கியமில்லாததும் ஒரே வரிசையில் நிற்கிறது. ஒருவர் பேசும்போது சொற்கள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன, அவை சேர்ந்து பொருள் ஆவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. மூளையில் ஏதோ ஒரு வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். அந்த வடிகட்டியை அளந்து பார்க்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

இரண்டு 'க்ளிக்' சத்தங்கள் சொன்ன கதை

1982-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ராபர்ட் ஃப்ரீட்மன், லாரன்ஸ் ஆட்லர் குழுவினர் செய்த சோதனை மிக எளிமையானது. தலையில் இஇஜி மின்முனைகளை ஒட்டுவார்கள். காதில் ஒரு 'க்ளிக்' சத்தம். அரை நொடி கழித்து அதே மாதிரி இன்னொரு 'க்ளிக்'. கேட்பவர் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

சத்தம் விழுந்து சுமார் 50 மில்லி நொடியில் மூளையில் ஒரு சின்ன மின் அலை எழும். இதற்கு பி50 என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு முதல் க்ளிக்குக்கு அலை பெரிதாக எழும். இரண்டாவதற்கு நன்றாகச் சுருங்கிவிடும். 'இதை இப்பத்தானே கேட்டோம், இதில் புதிதாக ஒன்றுமில்லை' என்று மூளை கதவைப் பாதி சாத்துகிறது. ஏசி சத்தம் உங்களுக்குக் கேட்காமல் போவதற்கும் இப்படிப்பட்ட வேலைதான் அடிப்படை.

மனச்சிதைவு உள்ளவர்களில் பலருக்கு இரண்டாவது அலை அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. கதவு சாத்துவதே இல்லை. நோய் வராத அவர்களுடைய நெருங்கிய உறவினர்கள் சிலரிடமும் இதே போக்கு காணப்பட்டதால், இதில் மரபணுவுக்கும் பங்கு இருப்பது புரிந்தது.

இதில் ஒரு சுவாரசியமான திருப்பமும் உண்டு. நிகோடின் உடலில் ஏறியதும் கொஞ்ச நேரத்துக்கு இந்தக் கதவு சரியாக வேலை செய்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் சிகரெட் பழக்கம் பொதுமக்களைவிட மிக அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்த நிம்மதி நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஏற்படும் சேதம் தீராது. போதாக்குறைக்கு, சிகரெட் புகை குளோசபின், ஓலான்சபின் போன்ற மருந்துகளை உடல் வேகமாகக் கரைத்துவிடச் செய்கிறது. அதனால் இந்த மருந்து எடுப்பவர் சிகரெட்டை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். நிறுத்துவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

முயற்சியே தேவைப்படாத சோதனை

'கவனிக்க விருப்பமில்லை, அதனால்தான் சோதனையில் மதிப்பெண் குறைகிறது' என்று யாராவது சொல்லலாம். அதற்குப் பதில் சொல்லும் சோதனை ஒன்று உண்டு.

பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனன் 1978-இல் விவரித்த மூளை அலை அது. ஒரே மாதிரியான 'பீப்' சத்தம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒன்று மட்டும் கொஞ்சம் நீளமாகவோ வேறு சுருதியிலோ வரும். கேட்பவர் அப்போது புத்தகம் படித்துக்கொண்டிருக்கலாம், சத்தமில்லாத படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் கவனிக்கவே வேண்டாம். அப்படியும் மூளை சுமார் 100 முதல் 250 மில்லி நொடிக்குள் 'ஏதோ மாறியிருக்கு' என்று ஒரு சமிக்ஞை அனுப்பும்.

மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்தச் சமிக்ஞை பலவீனமாக இருப்பதை 1991 முதல் வெவ்வேறு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டுள்ளன. இந்த நோயில் மிக அதிக முறை உறுதிசெய்யப்பட்ட மூளைக் கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. இங்கே விருப்பம், ஊக்கம், சோம்பல் எதற்கும் வேலையே இல்லை. அந்த மனிதர் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை ஒரு படி தவறவிட்டிருக்கிறது.

அடுத்த படி சுமார் 300 மில்லி நொடியில். வித்தியாசமான சத்தம் வந்தால் எண்ணச் சொல்வார்கள். 'இது முக்கியம், குறித்துக்கொள்' என்று மூளை போடும் டிக் மார்க் போல ஒரு பெரிய அலை எழும். பி300 எனப்படும் இந்த அலையும் மனச்சிதைவில் சிறியதாகவே இருக்கிறது. இது 1972-லேயே தெரிந்த விஷயம்.

மொத்தமாகச் சேர்த்துப் பாருங்க. 50 மில்லி நொடியில் தேவையில்லாதது உள்ளே வருகிறது. 200-இல் மாற்றம் சரியாகப் பதிவாவதில்லை. 300-இல் முக்கியமானதற்கு டிக் மார்க் மங்கலாக விழுகிறது. ஒரு மீட்டிங்கில் இதுவே நிமிடத்துக்குப் பலமுறை நடந்தால், மாலையில் அவரிடம் மிஞ்சுவது களைப்புதான்.

ஸ்கேன் என்ன காட்டுகிறது?

1974-இல் ஸ்வீடனில் டேவிட் இங்வார், கோரான் ஃப்ரான்ஸன் இருவரும் மூளையில் ரத்த ஓட்டத்தை அளந்து, நீண்டகால நோயாளிகளின் முன்மூளையில் ஓட்டம் குறைவாக இருப்பதைச் சொன்னார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பகுதிதான் 'எதைப் பார்க்கணும், எதை விடணும்' என்று மேலிருந்து கட்டளை போடுகிறது. பின்னால் வந்த எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகள் படத்தைக் கொஞ்சம் மாற்றின. சில வேலைகளில் முன்மூளை குறைவாக இயங்குகிறது. சில வேலைகளில் அதே பலனுக்கு அதிகமாக உழைக்கிறது. திறமையாக இயங்குவதில்தான் சிக்கல்.

இன்னொரு முக்கியமான கண்டுபிடிப்பு 'டிஃபால்ட் மோட்' என்ற மூளை வலைப்பின்னல் பற்றியது. நாம் சும்மா உட்கார்ந்து நம்மைப் பற்றியோ நேற்று நடந்ததைப் பற்றியோ யோசிக்கும்போது இது சுறுசுறுப்பாக இருக்கும். ஒரு வேலையில் இறங்கியதும் அடங்கிவிடும். மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் அவர்களது நெருங்கிய உறவினர்களுக்கும் வேலை செய்யும்போதும் இது போதுமான அளவு அடங்குவதில்லை என்று 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வெளியே மேனேஜர் பேசிக்கொண்டிருக்க, உள்ளே இன்னொரு ரேடியோ நிற்காமல் ஓடுகிற மாதிரி.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நரம்பணு அளவிலும் ஒரு விளக்கம் உண்டு. மூளையில் சில நரம்பணுக்களின் வேலையே மற்றவற்றை அடக்கி, எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் இயங்க வைப்பது. நொடிக்கு 40 முறை அளவில் எழும் இந்தத் தாளம் கவனத்துக்கும் தற்காலிக நினைவுக்கும் தேவை. மனச்சிதைவில் இந்த அடக்கும் நரம்பணுக்கள் பலவீனமாக இருப்பதும், தாளம் சரியாகச் சேராததும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கச்சேரியில் எல்லா வித்வான்களும் இருக்கிறார்கள். தாளம் போடுகிறவர்தான் தடுமாறுகிறார் என்று வெச்சுக்கோங்க.

ஒரு எச்சரிக்கை. இவை எல்லாம் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியை ஒப்பிட்டுச் சொன்னவை. ஒரு தனி மனிதரின் இஇஜி-யையோ ஸ்கேனையோ பார்த்து 'இவருக்கு மனச்சிதைவு' என்று சொல்ல இன்று முடியாது. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால், கட்டி, காயம், தொற்று போன்ற வேறு காரணங்கள் இல்லையா என்று பார்ப்பதற்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். 'மூளை மேப்பிங்' செய்து நோயைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் பார்த்தால் பணத்தைக் கொடுக்காதீங்க.

கவனம் குறைவதா, தவறான இடத்துக்குப் போவதா?

இரண்டும்தான். டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. அது மகிழ்ச்சிக்கான வேதிப்பொருள் என்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் சொல்லும். உண்மையில் அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று, 'இதைக் கவனி, இது உனக்கு முக்கியம்' என்று ஒன்றின் மேல் முத்திரை குத்துவது.

மனச்சிதைவு தீவிரமாக இருக்கும்போது டோபமைன் தேவையில்லாத நேரத்தில் சுரந்து, சம்பந்தமில்லாதவற்றின் மேலெல்லாம் அந்த முத்திரையைக் குத்திவிடுகிறது என்று மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003-இல் விளக்கினார். எதிரே வந்த சிவப்பு கார், டிவி அறிவிப்பாளர் சொன்ன ஒரு சொல், பக்கத்து வீட்டுக்காரர் இருமியது என எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது. முக்கியம் என்றால் காரணம் இருக்க வேண்டுமே? மனம் ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது: 'என்னைக் கண்காணிக்கிறார்கள்.' இப்படிப் பார்த்தால், வெளியில் தெரியும் சந்தேகமும் வெளியில் தெரியாத கவனச் சிதறலும் ஒன்றுக்கொன்று உறவுதான்.

மாத்திரை இதைச் சரிசெய்யாதா?

முதல் மனச்சிதைவு மருந்தான குளோர்புரோமசின் 1952-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதிலிருந்து இன்று எழுதித் தரப்படும் ஏறக்குறைய எல்லா மருந்துகளும் டோபமைன் முத்திரையைக் கட்டுப்படுத்துபவை. அதனால் குரல்களும் சந்தேகங்களும் அடங்குகின்றன. ஆனால் முன்மூளையின் கட்டளை, 50 மில்லி நொடிக் கதவு, 40 தாளம் ஆகியவை பெரிதாக மாறுவதில்லை. பழைய மருந்துகளையும் புதிய மருந்துகளையும் ஒப்பிட்ட அமெரிக்காவின் பெரிய ஆய்வான 'கேட்டி'யில், அறிதிறனில் எல்லா மருந்துகளுமே சிறிதளவு முன்னேற்றம்தான் தந்தன.

கவனத்துக்கென்றே மருந்து கண்டுபிடிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அதில் அதிகம் எதிர்பார்க்கப்பட்ட ஐக்ளிபெர்டின் இறுதிக்கட்டச் சோதனையில் பலன் தரவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. டோபமைனை நேரடியாகத் தடுக்காமல் வேறு வழியில் வேலை செய்யும் முதல் மருந்துக்கு அமெரிக்கா 2024 செப்டம்பரில் அனுமதி தந்தது. அதுவும் மனச்சிதைவுக்கான பொது மருந்தாகத்தான், கவனத்துக்கென்று தனியாக அல்ல.

இதைப் படித்துவிட்டு 'அப்போ மாத்திரை எதற்கு?' என்று நினைத்துவிடாதீங்க. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். குரல்கள் சத்தம் போடும்போது எந்தப் பயிற்சியும் எடுபடாது. மாத்திரை தரையைச் சமன்படுத்தித் தருகிறது. வீடு அதன் மேல்தான் கட்ட முடியும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கை நடுக்கம், உடல் இறுக்கத்துக்காக நம் நாட்டில் டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரையைச் சேர்த்துத் தருவது வழக்கம். நீண்ட நாள் எடுத்தால் அது நினைவாற்றலையும் கவனத்தையும் மந்தமாக்கக்கூடியது. 'இது இன்னும் எனக்குத் தேவையா, அளவைக் குறைக்கலாமா?' என்று அடுத்த முறை போகும்போது கேளுங்க. நீங்களாக நிறுத்தாதீங்க.

எனக்கும்தான் கவனம் நிற்பதில்லை. அப்போ எனக்கும் இருக்குமா?

கவனம் சிதறுவதை மட்டும் வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட நிச்சயமாக இல்லை. தூக்கமின்மை, மனப்பதற்றம், மனச்சோர்வு, தைராய்டு, ஏடிஎச்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டிஃபிகேஷன் என்று கவனம் சிதற ஆயிரம் காரணம் உண்டு. ஏடிஎச்டி சிறு வயதிலேயே தொடங்கிவிடும். மனச்சிதைவிலோ ஓரளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தவரிடம் ஒரு சறுக்கல் தெரியும். கீழே உள்ளவை சில வாரங்களாகச் சேர்ந்து தெரிந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது:

- படிப்பிலோ வேலையிலோ காரணம் புரியாத சரிவு, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல்
- தூக்கம் தலைகீழாக மாறுதல். குளிப்பது, சாப்பிடுவதில் அக்கறை இல்லாமல் போதல்
- சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாத அளவு கூர்மையாகத் தெரிதல்
- சாதாரண நிகழ்வுகளில் தனக்கான ரகசியச் செய்தி இருப்பதாகத் தோன்றுதல். யாரோ பேசுவதுபோல் கேட்டல்

குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் கஞ்சா பக்கமே போகாதீங்க, ஆபத்தைக் கூட்டும். ஏடிஎச்டி-க்காக டாக்டரைப் பார்க்கப் போனாலும் இந்தக் குடும்ப வரலாற்றைச் சொல்லிவிடுங்க. அதற்குத் தரும் சில மருந்துகள் டோபமைனை உயர்த்துபவை.

எது உதவுகிறது?

முதலில் வருவது அறிதிறன் மீட்புப் பயிற்சி. கம்ப்யூட்டரிலோ பேப்பரிலோ கவனம், நினைவு, திட்டமிடலுக்கான பயிற்சிகளைப் படிப்படியாகச் செய்ய வைப்பார்கள். 2021-இல் 130 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் சிறியது முதல் நடுத்தரம் வரை இருப்பது தெரிந்தது. கூடவே பயிற்சியாளர் ஒருவர் இருந்து, கற்ற உத்தியை அன்றாட வாழ்க்கையோடு இணைத்துத் தந்தால் பலன் அதிகம். மொபைலில் புதிர் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு விட்டுவிடுவது இதற்கு ஈடாகாது.

இரண்டாவது, உடற்பயிற்சி. வேக நடை, சைக்கிள் என்று மூச்சு வாங்கும் பயிற்சிகள் இந்த நோய் உள்ளவர்களின் அறிதிறனைக் கொஞ்சம் உயர்த்துவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மருந்தோடு சேர்த்து யோகா பயின்றவர்களுக்குக் கவனத்தின் வேகம் மேம்பட்டிருந்தது. இரண்டுமே மருந்துக்குத் துணை, மாற்று அல்ல.

மூன்றாவது, வேலை. சென்னையில் 'ஸ்கார்ஃப்' ஆய்வாளர்கள் முதல்முறை நோய் வந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். குடும்பத் தொழில், தெரிந்தவர் கடை என்று வளைந்து கொடுக்கும் வேலைகள் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. குரல்கள் எவ்வளவு கேட்கின்றன என்பதைவிட, கவனமும் நினைவும் எப்படி இருக்கின்றன என்பதே ஒருவர் வேலையில் நிலைப்பதைத் தீர்மானிக்கிறது என்று உளவியலாளர் மைக்கேல் கிரீன் 1996-லேயே தொகுத்துக் காட்டியிருந்தார். அப்படியென்றால் வேலையைக் கவனத்துக்கு ஏற்ப வடிவமைத்தால் நிலைக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டிலும் ஆபீஸிலும் நீங்கள் என்ன செய்யலாம்?

- ஒரு நேரத்தில் ஒன்று சொல்லுங்க. 'பால் வாங்கிட்டு வாப்பா' என்பது ஒரு வேலை. 'பால் வாங்கிட்டு, வர்ற வழியில கரண்ட் பில் கட்டிட்டு, சித்தப்பாவுக்கு போன் பண்ணிடு' என்பது மூன்று.
- எழுதிக் கொடுங்க. சீட்டு, வாட்ஸ்அப், போன் அலாரம் எதுவானாலும் சரி. நினைவின் சுமையைக் காகிதம் தாங்கட்டும்.
- முக்கியமாகப் பேசும்போது டிவியை அணைச்சிடுங்க. உள்ளே ஒரு ரேடியோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம்.
- பதில் வரும்வரை காத்திருங்க. யோசிக்கும் வேகம் குறைவு. யோசனை இல்லை என்று அர்த்தமில்லை.
- டீம் லீடாக இருந்தால்: சத்தமில்லாத மூலையில் இடம், மீட்டிங் முடிந்ததும் நான்கு வரிக் குறிப்பு, ஒரு பெரிய வேலைக்குப் பதில் நான்கு சின்னக் கெடு, முடிந்தவரை மாறாத ஷிஃப்ட்.
- குத்திப் பேசாதீங்க. தொடர்ந்து குறை சொல்வதும் விரோதமாக நடத்துவதும் இருக்கும் வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்பதை லண்டனிலும் சண்டிகரிலும் செய்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்றால் அரசு வேலை இடஒதுக்கீடு உள்ளிட்ட பலன்கள் உண்டு. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மேலே சொன்ன அமைதியான இடம், எழுத்துக் குறிப்பு போன்றவற்றைச் 'சலுகை' என்று கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. சட்டமே இவற்றை நியாயமான ஏற்பாடு என்ற பெயரில் ஏற்கிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் மனநல விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது உங்கள் உரிமை. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. பாலிசி எடுக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்க.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ உதவி தேவைப்பட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. நாள் முழுக்க இயங்கும், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் மருந்து இலவசமாகக் கிடைக்கும்.

அடுத்த முறை யாராவது 'அவன் நல்லாத்தான் இருக்கான், ஆனா வேலையில மனசு வைக்க மாட்டேங்கிறான்' என்று சொன்னால், அந்த இரண்டு க்ளிக் சத்தங்களைப் பற்றி அவரிடம் சொல்லுங்க. மனசு வைப்பதற்கு முன்பே மூளை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அங்கே தடுமாறுகிறவருக்குத் திட்டு உதவாது. ஒரு சீட்டும் கொஞ்சம் நேரமும் உதவும்.